கூட்டு எட்டு வந்த கல்

பொற்கொடியை யாருக்கும் பிடிக்காது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. கேட்டால் அவளே அப்படித்தான் சொல்வாள். அடுத்தவர் காசை அவள் தொட்டதில்லை, யார் குடும்பத்துக்குள்ளும் மூக்கை நுழைத்ததில்லை. ஒரே ஒரு குறைதான். எதிரில் இருப்பவர் கணக்கைத் தப்பாகச் சொன்னால் அவளால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. பஸ் கண்டக்டரில் தொடங்கி, அவளைப் பெண் பார்க்க வந்த வரனின் மாமா வரைக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் பட்டியல் நீளம். அந்த மாமா பையனுக்கு முப்பது வயது என்றார். பேச்சுவாக்கில் பையன் பத்தாவது முடித்த வருஷத்தையும் சொல்லிவிட்டார். காப்பித் தட்டோடு நின்ற இடத்திலேயே கழித்துப் பார்த்து, முப்பத்து நாலு ஆகிறதே என்றாள் பொற்கொடி. வந்தவர்கள் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

அவள் அப்பா மாசாணம் காலமெல்லாம் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்கு வேலை பார்த்தவர். "எம்பட புள்ள புடிச்ச முசலுக்கு மூணே காலுங்க" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது பாதிதான் சரி. பொற்கொடி பிடித்த முயலுக்கு எப்போதும் நாலு கால்தான் இருந்தது. அதைத்தான் மற்றவர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எம்.எஸ்ஸி. கணக்கில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். முதல் வேலை கருமத்தம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியர் போட்ட கேள்வித்தாளில் ஒரு கணக்குக்கு விடையே வராது என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து சொன்னாள். அடுத்த மாதம் வேலை இல்லை. இரண்டாவது துடியலூரில் ஒரு டியூஷன் சென்டர். அங்கே சுவரில் ஒட்டியிருந்த தேர்ச்சி விழுக்காடு நூற்றுக்கு நூற்று மூன்று வந்தது. அதைச் சொல்லப் போய் அந்த வேலையும் போயிற்று. அப்பா இறந்தபோது அவருக்கு ஒரு கல் வைக்க வேண்டும் என்று மதுக்கரை ரோட்டில் அப்துல் நாசரின் கிரானைட் கடைக்குப் போனாள். அங்கே யாருக்காகவோ செய்த கல் ஒன்று வெளியே சாத்தியிருந்தது. பிறப்பு 1944, இறப்பு 2018, வயது 76. "ஏனுங்க பாய், எழுவத்தி நாலுதானுங்களே வருது" என்றாள். நாசர் கல்லைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். அந்தக் கல் அன்று மத்தியானம் ஏற்றி அனுப்ப வேண்டியது. மறுநாளிலிருந்து அவள் அந்தக் கடையில் வேலைக்கு வந்தாள்.

வேலை இதுதான். வாடிக்கையாளர் கொடுக்கும் எழுத்தைக் கம்ப்யூட்டரில் அடித்து, புரூப் எடுத்து, கையெழுத்து வாங்கி, ஸ்டிக்கர் வெட்டிக் கல்லில் ஒட்டுவது. பட்டறை ஆட்கள் மணலைப் பீய்ச்சி எழுத்தைக் குழிப்பார்கள். சம்பளம் சுமார்தான். ஆனால் தப்புக் கண்டுபிடிப்பதற்காகச் சம்பளம் கொடுத்த முதல் இடம் அது. ஏழு வருஷத்தில் அந்தக் கடையிலிருந்து ஒரு கல்கூடத் தப்பாகப் போனதில்லை. "அந்தம்மா பாத்தாச்சுன்னா பாத்தாச்சு" என்று மதுக்கரை ரோட்டில் மற்ற கடைக்காரர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். அவளைப் பிடிக்காதவர்கள்தான் அவர்களும். இருந்தாலும் சொன்னார்கள். பொற்கொடிக்கு வேறு சொத்து கிடையாது, அந்தப் பேச்சு ஒன்றுதான்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தக் கல்லூரியின் ஆர்டர் வந்தது.

துடியலூரைத் தாண்டி ஒரு சுயநிதிக் கல்லூரி. கணிதத் துறைக்குப் புதுக் கட்டிடம் கட்டியிருந்தார்கள். வாசலில் ஆளுயரக் கறுப்புக் கல்லில் நூற்றியோரு இலக்கம் கொண்ட ஒரு பகா எண்ணைச் செதுக்கி வைக்க வேண்டுமாம். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண். மொய்க்கு நூற்றியொன்று வைப்பது போல இதுவும் இருக்கட்டும் என்பது கரஸ்பாண்டென்ட்டின் யோசனை. எண்ணைக் கண்டுபிடித்து அனுப்பியவன் துறைத் தலைவர் சசிதர்.

சசிதரைப் பொற்கொடிக்கு நன்றாகத் தெரியும். எம்.எஸ்ஸி.யில் அவளுக்குப் பின் பெஞ்சு. அவள் நோட்டைப் பார்த்து எழுதி இரண்டாம் வகுப்பில் தேறியவன். அந்தக் கல்லூரியைக் கட்டிய கரஸ்பாண்டென்ட் அவன் மாமாதான். அவன் துறைத் தலைவர் ஆனான். இவளும் அங்கே வேலைக்கு மனுப் போட்டாள். நேர்காணலில் அவன்தான் எதிரில் உட்கார்ந்திருந்தான், தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. அந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஆத்திரத்தோடுதான் அவன் அனுப்பிய எண்ணை எடுத்துச் சோதித்தாள். தப்பு இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அவ்வளவு பெரிய எண்ணை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க உலகத்தின் ஆயுசு போதாது. ஆனால் வகுக்காமலே சொல்லிவிடும் சோதனைகள் உண்டு. கம்ப்யூட்டர் கண் சிமிட்டும் நேரத்தில் பகா எண் என்றது. வேறு இரண்டு வழியில் பார்த்தாள். அப்போதும் அதேதான். நூற்றியோரு இலக்கம் வரை போனால் சராசரியாக இருநூற்று முப்பது எண்ணுக்கு ஒன்றுதான் இப்படித் தேறும். இது கல்லூரி தொடங்கிய வருஷமான 1987 என்ற இலக்கங்களில் ஆரம்பித்து ஏழில் முடிந்தது. எத்தனை பேர் கூடி வந்தாலும் கூறு போட முடியாத எண். அனுப்பியவனைப் பிடிக்காவிட்டாலும் எண்ணை அவளுக்குப் பிடித்துவிட்டது.

நாசருக்குத்தான் பிடிக்கவில்லை. வரிக்குப் பத்தாக அடித்தால் பத்து வரி போக, கடைசியில் ஒற்றை ஏழு தனியாக நின்றது. பார்க்க நல்லாயில்லை, எல்லா வரிக்கும் சமமாகப் பிரித்துப் போடு கண்ணு என்றார். நூற்றியொன்றும் பகா எண்தான், எப்படிப் போட்டாலும் சமமாகப் பிரியாது என்றாள். எண் தகராறு பிடித்தது, எண்ணிக்கையுமா என்று தலையில் அடித்துக்கொண்டார் பாய்.

ஒரு வாரம் கழித்து, எண்ணை மாற்றி இன்னொரு மெயில் வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நாற்பத்து மூன்றாவது இலக்கம் நாலாக இருந்தது, இப்போது ஐந்து. மற்றதெல்லாம் அப்படியே. இலக்கங்களைக் கூட்டிப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. முதல் எண்ணின் கூட்டு 458. அதை மறுபடி கூட்டினால் 17, அதையும் கூட்டினால் எட்டு. எட்டு சனியின் எண். இரண்டாவதன் கூட்டு 459, சுருக்கினால் ஒன்பது. கரஸ்பாண்டென்ட் பதினெட்டாம் தேதி பிறந்தவர், அவருக்கு ஒன்பதைத் தவிர எதுவும் ஆகாது. காரிலிருந்து செல்போன் வரைக்கும் ஒன்பது. யாரோ எண்கணித ஜோசியர் பார்த்துச் சொல்லியிருக்கிறார், சசிதர் தலையாட்டிவிட்டு ஒரு நாலை ஐந்தாக்கி அனுப்பியிருக்கிறான்.

இதில் உள்ள கேவலம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இலக்கங்களின் கூட்டு ஒன்பதால் வகுபட்டால் அந்த எண்ணும் ஒன்பதால் வகுபடும். ஒன்பதால் வகுபடுகிற எண் எப்படிப் பகா எண்ணாகும்?

புரூப்பில் கையெழுத்துப் போட சசிதர் கடைக்கு வந்தபோது, அவனுக்குத் தெரியாமல் நடந்திருக்கும் என்று நினைத்துத்தான் பொற்கொடி சொன்னாள். அவன் சலித்துக்கொண்டான்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? அவருக்கு ஒம்பது வேணும். நூத்தியோரு நம்பரை எவன் நின்னு கூட்டிப் பாக்கப் போறான்?"

"கூட்டு ஒம்பது வர்ற பகா எண் ஒலகத்துலயே கெடையாதுங்க. நூறு எலக்கமில்ல, கோடி எலக்கம் போனாலும் கெடையாது. தலைப்புல இருக்கற பகா எண்ணுங்கற வார்த்தையையாவது எடுத்துப்போடுங்க."

"உன் வேலை வெட்டறது. குடுத்ததை வெட்டு."

அவள் புரூப்பை வாங்கி, அடியில் பேனாவால் எழுதினாள்: இந்த எண் ஒன்பதால் வகுபடும், பகா எண் அல்ல என்று சொன்னோம், அப்படியே வெட்டச் சொன்னார். எழுதியதை அவன் முன்னால் தள்ளினாள். அவன் வாசித்தான். சிரித்தான். இதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டப் போகிறாய் என்று கேட்டபடியே அடியில் கையெழுத்தைப் போட்டு, தேதியும் போட்டான்.

கல்லை வெட்டினாள். அதை மறைக்க வேண்டியதில்லை. புதுக் கட்டிடத்தின் பெயர்ப் பலகைகள் மொத்தமும் கடைக்குத்தான் என்று பேச்சு இருந்தது, நாசர் இரண்டு நாளாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஐந்தை ஒட்டும்போது கை கூசியது. புரூப்பை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

திறப்பு விழாவன்று கல் சரியாக நிற்கிறதா என்று பார்க்க நாசரும் அவளும் போயிருந்தார்கள். நாற்காலி கிடைக்கவில்லை, மைக் செட் பக்கத்தில் நின்றார்கள். தலைமை விருந்தினர் மேக்னா என்று வெளியூரிலிருந்து வந்த கணிதப் பேராசிரியை. திரையை விலக்கினார்கள், கை தட்டினார்கள். அதோடு முடிந்திருந்தால் சசிதர் சொன்னபடி ஒருத்தரும் கூட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் ஜோசியரையும் மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். நாலு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கைக் கையில் கொடுத்தும்விட்டார்கள்.

அவர் நாலு வார்த்தையோடு நிறுத்தவில்லை. இந்த மகத்தான பகா எண்ணை மூன்று தடவை கூட்டிப் பார்த்ததாகவும், கூட்டு சரியாக ஒன்பது என்றும், இது செவ்வாயின் அருள் என்றும் ஊருக்கே கேட்கும்படி முழங்கினார். முன்வரிசை கை தட்டியது. மேக்னா மட்டும் தட்டவில்லை. மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"கூட்டு ஒன்பதுன்னா அது ஒன்பதால வகுபடுமே. அப்புறம் எப்படிப் பகா எண்?"

கேலியில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். முதலில் சிரித்தது மாணவர் வரிசை. ஜோசியருக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. கரஸ்பாண்டென்ட் சசிதரைத் திரும்பிப் பார்த்தார். சசிதர் எழுந்து, கொஞ்சமும் தடுமாறாமல், கல்லுக்கடையில் ஒரு இலக்கத்தைத் தப்பாக வெட்டிவிட்டார்கள், படித்த ஆட்கள் இல்லை பாருங்கள், அதோ நிற்கிறார்கள் என்று கையை நீட்டினான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவனுக்குக் கூடமாக வாய்த்தவள் பொற்கொடி.

ஐந்நூறு தலை திரும்பியது. அவள் வாயைத் திறந்துவிட்டாள். பக்கத்தில் நாசர் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார், மேடையைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்து. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மேடையில் மேக்னா விழா மலரைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஜோசியர் வருவதற்கு முன்பே அச்சான மலர் அது. உள்ளே பழைய எண் இருந்தது. அதைக் கூட்டி, எட்டு வருகிறது, மடிக்கணினியில் பார்த்துவிட்டேன், இதுதான் பகா எண் என்றார். கல்லைத் திருத்தியதும் ஒரு படம் அனுப்புங்கள், எங்கள் கணித மன்ற இதழில் போடுகிறேன் என்று மைக்கிலேயே மெயில் முகவரியும் சொன்னார். சபை நடுவில் கரஸ்பாண்டென்ட் பல்லைக் காட்டிச் சரி சரி என்றார்.

மறுநாள் காலையில் சசிதர் கடைக்கு வந்தான், கையில் அடித்துக் கொண்டுவந்த கடிதத்தோடு. தவறு எங்கள் கடையுடையது, வருந்துகிறோம், அவ்வளவுதான். கல்லை மாற்றுவது பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கடிதம் கையில் இருந்தால் போதும், கல் அப்படியே நிற்கட்டும், நாலு மாதத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்றான். அவள் கையெழுத்துப் போடாவிட்டால் பெயர்ப் பலகை ஆர்டர் போகும், ஊரில் உள்ள பில்டர்களிடமெல்லாம் மாமா ஒரு வார்த்தை சொல்வார், இந்தக் கடைக்கு ஒரு ஈ காக்காய் வராது என்றும் சொன்னான்.

நாசர் தலையைக் குனிந்துகொண்டு, "உன்னைப் போகச் சொல்ல மாட்டேன் அம்மணி. நீ எது செஞ்சாலும் சரி" என்றார். அவர் திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பொற்கொடி மேஜை இழுப்பறையைத் திறந்து புரூப்பை எடுத்து விரித்தாள். தன் கையெழுத்தைப் பார்த்ததும் சசிதரின் முகம் வெளுத்தது. அதைக் கொடுத்துவிடு என்றான். குரல் இறங்கியிருந்தது.

இதற்காகத்தான் பதினைந்து வருஷம் காத்திருந்தேன் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு படம் எடுத்து மேக்னாவுக்கு அனுப்பினால் போதும், இவன் நாறிப் போவான். அப்புறம்? மாமா நாலு நாள் திட்டுவார், ஐந்தாம் நாள் அவன் அதே நாற்காலியில் இருப்பான். கல்லைத் தூக்கிக் குப்பையில் போடுவார்கள். கடைக்கு ஆர்டர் போகும். நாலாவது வேலை தேடி அவள் மதுக்கரை ரோட்டில் நிற்பாள். அந்த எண் எங்கும் இருக்காது. ஒரு பாவமும் அறியாத எண், கூட்டினால் எட்டு வருகிறது என்பதற்காக.

சசிதரின் கடிதத்தை மறுபடி வாசித்தாள். தவறு எங்கள் கடையுடையது. அந்த ஒரு வரியிலேயே கண் நின்றது. பிறகு மெல்ல அவளுக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு அல்ல. இந்தக் கடிதம் போதாது, நானே எழுதித் தருகிறேன் என்று வெள்ளைத் தாளை எடுத்தாள்.

"நாற்பத்து மூன்றாவது இலக்கமாக நான்கு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து என்று வெட்டியது என் தவறு. பத்து நாளில் சரியான எண்ணை வெட்டி, நின்ற இடத்திலேயே நிறுத்தித் தருகிறேன். பொற்கொடி, எம்.எஸ்ஸி." இப்படி எழுதி முடித்ததும் போனில் படம் எடுத்து மேக்னாவுக்கு அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் தாளை அவனிடம் கொடுத்தாள்.

அவன் நிம்மதியாக வாசித்தான். இரண்டாம் தடவை வாசிக்கும்போது நிம்மதி போய்விட்டது.

"இதுல கூட்டு எட்டு வரும்."

"வருமுங்க. தப்பு எங்களுதுன்னு நீங்கதானுங்களே மைக்குல சொன்னீங்க. அப்ப சரியானதை நாங்க வெச்சுத்தானுங்களே ஆகோணும்."

அவன் அவளை வாய்க்கு வந்தபடி பேசினான். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அவள் புரூப்பை மடித்துத் திரும்ப இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள், அவன் கண் முன்னாலேயே.

கரஸ்பாண்டென்ட்டுக்குத் தப்பிக்க வழியில்லை. மேக்னா அன்றைக்கே மகிழ்ச்சி என்று அவருக்கும் எழுதிவிட்டார். கல்லைக் கழற்றி மதுக்கரைக்குக் கொண்டுவந்தார்கள். புதுக் கல் வாங்க வேண்டியிருக்கவில்லை. பின்பக்கத்தை மெருகேற்றி, அதில் பழைய எண்ணை வெட்டினார்கள். நாற்பத்து மூன்றாவது இடத்தில் நாலை அவளே ஒட்டினாள். ஒன்பது பின்னால் இருந்து காக்கும் என்று ஜோசியர் சமாதானம் சொன்னாராம். கரஸ்பாண்டென்ட் நம்பினாரோ என்னவோ, அதன் பிறகு அந்தக் கட்டிடத்துக்குப் பின்வாசல் வழியாகத்தான் வருகிறார். சசிதரின் அறை முன்வாசலை ஒட்டி. ஜன்னலைத் திறந்தால் கல்தான். இது தெரிந்த நாளில் பொற்கொடி ஒரு பிளேட் பஜ்ஜி வாங்கி முழுவதையும் தனியாகத் தின்றாள்.

அப்படியே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கல்லூரியில் கல்லைத் தப்பாக வெட்டிய கதை மதுக்கரை ரோடு முழுக்கப் பரவியது. ஏழு வருஷமாக அவளிடம் குட்டுப்பட்டவர்கள் எல்லாருக்கும் அது தீபாவளி. "அந்தம்மா பாத்தாச்சுன்னா பாத்தாச்சு" என்று யாரும் இப்போது சொல்வதில்லை. நாசர் இரண்டு தடவை, உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். சொன்னால் தவறு கடையுடையது அல்ல என்றாகிவிடும், கல்லை எடுத்துவிடுவார்கள், சும்மா இருங்கள் பாய் என்றாள்.

போன வாரம் ஒருவர் வந்தார். அம்மாவுக்கு வருஷம் வருகிறது, கல் வைக்க வேண்டும் என்று எழுதிய சீட்டை நீட்டினார். பிறப்பு 1949, இறப்பு 2024, வயது 78. பொற்கொடி சீட்டைப் பார்த்தவுடனே சொன்னாள், எழுபத்தைந்துதான் வரும் என்று. அவர் சீட்டைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்.

"ஏனுங்க, காலேஜ் கல்லுல நம்பரைத் தப்பா வெட்டுனது நீங்கதானுங்களா?"

உள்ளேயிருந்து நாசர் எழுந்து வருவது தெரிந்தது. அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"ஆமாங்க, நான்தானுங்க. நாலு இருக்கற எடத்துல அஞ்சைப் போட்டுப்போட்டேன்."

தப்பாக நினைக்காதீர்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அவர் தன் போனில் கால்குலேட்டரைத் திறந்தார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். 2024-ஐ ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார், கழித்தல் குறியைத் தேடினார். பொற்கொடி வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.